காலி அறையின் எதிரொலி

வீடு மாற்றும்போது மனிதர்களின் குட்டு அடுப்படியில்தான் வெளிப்படும் என்பாள் பொட்டலம். வரவேற்பறையில் எல்லோரும் யோக்கியர்கள்தான். அடுப்படியின் மேல்தட்டைத் திறந்தால் தெரியும், மூடி தொலைந்த டப்பாக்களை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பது யார், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராமல் அமுக்கி வைத்திருப்பது யார் என்று. அவள் கண்டும் காணாதவள் மாதிரி தட்டுகளை நிமிர்த்தி நிறுத்தி, நடுவில் கசக்கிய தாளைச் செருகி, பெட்டியை மூடி டேப் ஒட்டிவிடுவாள். தட்டைப் படுக்க வைத்தால் வண்டி குலுங்கும்போது ஒன்றின் கனம் இன்னொன்றை உடைத்துவிடும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, சொந்தத் தட்டுகளை உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டது.

பொட்டலம் என்ற பெயர் பழைய ஆபீஸில் விழுந்தது. யாராவது மிச்ச பிஸ்கட்டை மேஜையில் விட்டுப் போனால்கூட ஒரு தாளில் வைத்து நாலு மடிப்பு மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். பெயரை வைத்தவள் பக்கத்து நாற்காலிக்காரி. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ரேடியோ. காலையில் உள்ளே நுழையும்போது திறக்கும் வாய் சாயங்காலம்தான் மூடும்.

அது என்ன ஆபீஸ் என்று கேட்டால், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கெட்டுப்போனால் ஜனங்கள் போன் பண்ணித் திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் ஆபீஸ். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று இருவரும் ஆண்டுக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். செய்யாத தப்புக்கு இத்தனை மன்னிப்புக் கேட்டால் மனுஷிக்குக் கிறுக்குப் பிடிக்காதா? மதியம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டு, ஒரே மேனேஜரைத் திட்டி, இருவரும் உடன்பிறப்பு மாதிரி ஆகிப்போனார்கள்.

பொட்டலம் ஒருமுறை தன் வீட்டுச் சாமானைத் தானே கட்டி இடம் மாற்றினாள். ஒரு கண்ணாடி டம்ளர்கூடக் கீறவில்லை. அதைக் கேள்விப்பட்டு ஆபீஸில் ஒருத்தர் தன் வீட்டுச் சாமானையும் கட்டித்தரக் கூப்பிட்டார், அப்புறம் அவருடைய மாமியார் கூப்பிட்டார்.

"இதையே தொழிலா பண்ணுடி," என்றாள் ரேடியோ. "வீடு மாத்துறவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. நானும் வர்றேன் வெளியில. சின்னச் சின்னக் கடைங்களுக்குக் கணக்கு எழுதித் தர்றேன். எத்தனை நாளைக்கு இங்க மன்னிப்புக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?"

ஒருத்தி தனியாகக் குதிப்பதற்கும் இருவர் கைகோத்துக் குதிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தனியாக என்றால் பொட்டலம் ஜென்மத்துக்கும் குதித்திருக்க மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த வரிசையில் அவள்தான் மூத்தவள். அடுத்து சூப்பர்வைசர் நாற்காலி அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் விட்டுவிட்டு வருவதற்கு அவளுக்கு இருந்த ஒரே தைரியம் பக்கத்து நாற்காலிதான். "நீ முதல்ல போய்ச் சொல்லு, நான் பின்னாலயே வர்றேன்," என்றாள் ரேடியோ. பொட்டலம் போய்ச் சொன்னாள். மிச்சமிருந்த லீவைக் கழித்துக்கொண்டு அந்த வாரமே நின்றும் விட்டாள். ரேடியோ சொல்லிவிட்டதாகவும், ஒரு மாதம் இருந்து வேலையை ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்றும் போனில் சொன்னாள்.

பிறகு இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். காலையில் ரேடியோ போன் பண்ணுவாள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கு யாரைப் பார்க்கப் போறே?" என்ன வேலை செய்யப்போகிறாய் என்பது கேள்வியே இல்லை. இதுவரை பேசாத ஒரு புது ஆளின் பேரைச் சொல்ல வேண்டும், அன்றைக்குள் அந்த ஆளைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். பேர் இல்லாவிட்டால் 'மூலைக்கடை பெயின்ட்காரர்' என்றாவது சொல்ல வேண்டும். ஆள் இல்லாமல் தொழில் இல்லை என்பது ரேடியோவின் சித்தாந்தம்.

முதல் சில வாரங்கள் ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிடவில்லை. பொட்டலம் போர்வைக்குள்ளேயே கிடந்தாள். வாங்கி அடுக்கிய அட்டைப்பெட்டிகள் கூடத்தில் கூரையைத் தொட்டன. புருஷன் சாதுவான மனுஷன், அவற்றுக்கு நடுவே சந்து பண்ணிக்கொண்டு டிவி பார்த்தான். "இதுக்குள்ள நானே குடியேறிடலாம் போல," என்று சிரிக்க வைக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதெல்லாம் அவளை எழுப்பி உட்கார வைத்தது அந்தப் போன்தான். "ரெண்டு கடையைப் பிடிச்சுட்டேன்டி," என்பாள் ரேடியோ. "துணிக்கடைக்காரர் அவரோட மச்சினன் கடையையும் எனக்கே தர்றேங்கிறார்." பொட்டலத்துக்கு வயிறு எரியும். நேற்றுவரை என்னோடு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டவள் இவள், இவளால் முடியும்போது எனக்கு என்ன கேடு? அந்த வயிற்றெரிச்சலில் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்புவாள். வீட்டு புரோக்கர்களைப் போய்ப் பார்த்தாள். அடுக்குமாடிக் காவலாளிகளோடு நின்று பேசினாள். வாடகை வேன்கள் நிற்கும் இடத்துக்குப் போய், வாயில் சிடுசிடுப்பும் வண்டியில் பக்குவமும் உள்ள ஒரு டிரைவரைப் பிடித்தாள். "அண்ணே" என்று அவள் கூப்பிட்ட நாளிலிருந்து அவர் வேறு யாருக்கும் ஓட்டுவதில்லை. ஒரு வீட்டில் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிட்டாள். அடுத்த நாளே அதே அளவில் புதுக்கண்ணாடி வாங்கி, தானே சுமந்துகொண்டு போய்த் தலைகுனிந்து நின்றாள். அந்த வீட்டம்மா அசந்துபோய், தனக்குத் தெரிந்த நாலு பேரிடம் இவளைப் பற்றிச் சொல்லாமல் தூங்குவதில்லை என்று ஆகிவிட்டது.

ரேடியோவைப் பார்க்கத்தான் முடியவில்லை. "ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திருக்கேன். சாமான் செட்டு எல்லாம் வாங்கின பிறகு வா, இப்ப வந்தா நிக்கிறதுக்குத்தான் இடம்," என்பாள். பொட்டலம் அதை அட்சரம் பிசகாமல் நம்பினாள். நம்பக் காரணம் இருந்தது. ரேடியோவின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் எதிரொலி கேட்கும். சாமானெல்லாம் போன வீட்டில் பேசினால் வருமே, அந்த எதிரொலி. வாரத்தில் பாதி நாள் காலி வீட்டில் நிற்கிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? வேறு எவளாவது என்றால் சந்தேகப்பட்டிருப்பாள். இவள் தன் தொழிலறிவை வைத்து, 'பாவம், இன்னும் ஒரு அலமாரிகூட வாங்கவில்லை' என்று கணித்தாள்.

ஆபீஸ்காரர்களோடு அவள் ஒட்டுறவே வைத்துக்கொள்ளவில்லை. "அங்க உன்னைப் பத்திக் கேவலமா பேசுறாங்க," என்று ரேடியோதான் சொல்லியிருந்தாள். "மூட்டை தூக்கப் போயிட்டான்னு சிரிக்கிறாங்களாம். மேனேஜர் உன் பேரைச் சொன்னாலே மூஞ்சியைச் சுளிக்கிறாராம். யாருக்கும் போன் பண்ணாதே, மானத்தை வாங்கிடுவாங்க." பொட்டலத்துக்கு அது முள்ளாகக் குத்தியது. அந்தத் தெருப்பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டாள்.

ஒரு மழை நாளில் ரேடியோ போனில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். துணிக்கடைக்காரர் கைவிட்டுவிட்டாராம். பொட்டலத்துக்கு அன்று காய்ச்சல் கொதித்தது. இருந்தும் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் அழுகை அடங்கும்வரை பேசினாள். "ஒருத்தர் போனா என்னடி, உனக்கென்ன கையா போச்சு, காலா போச்சு?" என்று ஏதேதோ சொன்னாள். போனை வைத்தபோது பூரித்துப் போயிருந்தாள். இத்தனை நாள் அவள் எனக்குத் தெம்பு கொடுத்தாள், இன்று நான் கொடுத்தேன் என்று.

இப்படி இருக்கையில், முகத்தைச் சுளிப்பதாகச் சொல்லப்பட்ட அதே மேனேஜர் ஒருநாள் போன் பண்ணினார். "நம்ம ஆபீஸ் வேற கட்டடத்துக்கு மாறுதும்மா. உன்னைப் பத்தி என் மைத்துனி ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கா. கண்ணாடி விஷயம்கூடச் சொன்னா. நீயே வந்து பாரு. நல்லா செஞ்சா மத்தக் கிளைங்களும் இந்த வருஷமே மாறுது, அதையும் உனக்கே தரலாம்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுச் சாமான் கட்டுகிறவள் ஆபீஸ் சாமான் கட்டினால் தொழில் ஒரே தாவாகத் தாவிவிடும். நிரந்தரமாக இரண்டு ஆள் வைத்துக்கொள்ளலாம், டிரைவர் அண்ணனுக்கு இன்னொரு வேனைச் சேர்க்கலாம். சிரித்த ஆபீஸையே பெட்டியில் போட்டுக் கட்டப்போகிறேன் என்ற குஷி வேறு. ரேடியோவிடம் மூச்சு விடவில்லை. போய் முடித்துவிட்டு வந்து சொல்லி, 'சிரிக்கிறாங்க' என்று சொன்ன அந்த வாயைப் பிளக்க வைக்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வேனை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். லிஃப்ட் இருந்தது. ஆனால் சாமான் கட்டுகிறவர்கள் வேலை பார்க்கப் போகும் இடத்தில் லிஃப்டில் ஏற மாட்டார்கள். பீரோ லிஃப்டில் போகாது, படியில்தான் இறங்க வேண்டும். படி திரும்பும் இடத்தில் எவ்வளவு அகலம் என்று தெரியாமல் விலை பேசக்கூடாது. எத்தனையோ வருடம் லிஃப்டில் ஏறிப் போன கட்டடத்தின் படிக்கட்டை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். யாரும் புழங்காத படிக்கட்டு. ஜன்னல் இல்லை. ஒரு திருப்பத்தில் குந்தி, அகலம் பார்க்க அளவு டேப்பை நீட்டிக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் அடித்தது.

"பொட்டலம்! இன்னைக்கு யாரைப் பார்க்கப் போறே?"

குரல் காதிலும் கேட்டது, தலைக்கு மேலும் கேட்டது. போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி பேச்சையே காணோம்? நான் இன்னைக்கு ஒரு மருந்துக்கடைக்காரரைப் பார்க்கப் போறேன். இப்பதான் ரூமைத் திறந்து பெருக்கிட்டு இருக்கேன்."

இப்போது போன் கையில் இருந்தது, குரல் மட்டும் மேலிருந்து வந்தது. அதே எதிரொலியோடு வந்தது. டேப் தானாகச் சுருண்டு விரலில் அடித்ததுகூட உறைக்கவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினாள்.

மேல்தளத்துக் கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றி நின்றிருந்தாள் ரேடியோ. துடைப்பமும் இல்லை, ரூமும் இல்லை. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. அந்த ஆபீஸில் எல்லோருக்கும் நீலப் பட்டை. சூப்பர்வைசருக்கு மட்டும் பச்சை. அவள் கழுத்தில் இருந்தது பச்சை.

ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. போன் இன்னும் காதிலேயே இருந்தது.

"பெருக்கி முடிச்சிட்டியா?" என்றாள் பொட்டலம்.

"அடியே... நீ எப்படி இங்க..."

"எத்தனை நாளா?"

ரேடியோ கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ போன அன்னைக்கே நானும் சொல்லத்தான் உள்ள போனேன். சத்தியமா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சார், 'அவ போயிட்டா, அந்த இடம் உனக்குத்தான்'ன்னாரு. என்னால முடியலடி. வீட்டு நெலமை உனக்குத் தெரியும்ல."

"அது சரி. வேலை கிடைச்சிருக்கு, இருந்துட்டே. அன்னைக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தா நானே இனிப்பு வாங்கிட்டு வந்திருப்பேனே. ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ திரும்பி வந்துடுவியோன்னு..." ரேடியோ பாதியில் நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தைப் பொட்டலமே புரிந்துகொண்டாள். திரும்பி வந்திருந்தால் பச்சைப் பட்டை யார் கழுத்துக்குப் போயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

"துணிக்கடைக்காரர்?"

"இல்ல."

"அவரோட மச்சினன்?"

"நீ படுத்துக் கிடந்தே. யாராவது ஜெயிச்சாத்தான் உனக்கு ரோஷம் வரும்னு எனக்குத் தெரியும். அதுக்காகச் சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம்தானே நீ எழுந்து ஓடினே? நான் சொல்லாட்டி நீ இந்நேரம் இப்படி வந்து நின்னிருப்பியா?"

அதுதான் பொட்டலத்துக்குத் தாங்கவில்லை. சொன்னது உண்மை. ஒவ்வொரு நாளும் அவளை வாசலுக்குத் தள்ளியது இல்லாத ஒரு துணிக்கடைதான். பொய்யில் வந்த வயிற்றெரிச்சலில் நடந்து நடந்து, நிஜமாகவே ஒரு தொழில் வந்து நிற்கிறது. இதற்கு நன்றி சொல்வதா, செருப்பைக் கழற்றுவதா?

"மழையில அழுதியே, காய்ச்சலோட எழுந்து உட்கார்ந்து உன்னைத் தேத்தினேனே. அந்த அழுகையும் பொய்தானா?"

"இல்ல. அது நெஜம்."

"போகாத கடைக்கா அழுதே?"

"நீ போயிட்டே, நான் போகலையேன்னு அழுதேன்," என்றாள் ரேடியோ.

பொட்டலத்துக்கு ஒரு கணம் மனசு இளகியது. அவள் கையைப் பிடித்துவிடலாமா என்றுகூட வந்தது. அதற்குள் கதவு திறந்தது. பழைய ஆபீஸ்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "அய்யோ பொட்டலம்!" என்று கத்திக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தாள். "எங்களையெல்லாம் மறந்தே போயிட்டியே! ஒரு போன் உண்டா? என் வீட்டை மாத்தினப்போ உன்னைத்தான் கூப்பிடணும்னு துடிச்சேன். நீ எங்க மேல கோபமா இருக்கே, பேசினா கடிச்சுக் குதறிடுவியாம், இவதான் சொன்னா." உள்ளே போனால் ஆளுக்கு ஆள் எழுந்து வந்தார்கள். சிரித்தது எதுவும் ஏளனச் சிரிப்பு இல்லை. ஒருத்தி தன் அக்கா வீடு மாறியதைச் சொன்னாள், இன்னொருவர் தன் மச்சானைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் வேறு யாரையோ வைத்துச் சாமான் கட்டியிருந்தார்கள். தெரிந்தவர்கள் ஓர் ஆபீஸ் நிறைய இருக்க, ஆள் ஆளாகத் தெருவில் தேடி அலைந்திருக்கிறாள். பிடிக்க வந்த கை மறுபடி மடங்கிக்கொண்டது. வேலையை விடாதது பயம் என்று விட்டுவிடலாம். இந்த நடுச்சுவரை எழுப்பியது பயமா?

மேனேஜர் எழுந்து நின்றே வரவேற்றார். "உட்காரும்மா. நீ போனது எனக்கு வருத்தம்தான். ஆனா போனதுதான் சரி, இல்லையா?" ரேடியோ பின்னாலேயே வந்து கதவருகே நின்றாள். சூப்பர்வைசர், நிற்கத்தானே வேண்டும். மேனேஜர் அவளைக் காட்டிச் சொன்னார், "இவ உன்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாமே, போகாதேன்னு. நீ கேட்கலையாம். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாமே?"

ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையின் பச்சைப் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். பொட்டலத்துக்கு உண்மை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரே வாக்கியம் போதும். தினமும் காலையில் அவள் படிக்கட்டில் நின்று போனில் பேசியது, சேர்ந்து போட்ட திட்டம், எல்லாம் மேஜைமேல் கொட்டிவிடலாம். கொட்டினால் ஆபீஸ் சண்டைக்கு வந்தவள் என்று பெயராகும், வேலை கையைவிட்டுப் போனாலும் போகும். அதைவிட, இத்தனை வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டதை மூன்றாவது ஆள் முன்னால் பிரித்துப் போட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆமா சார்," என்றாள். "நாங்க பேசிக்கிறதில்ல."

ரேடியோ வெடுக்கென்று நிமிர்ந்தாள். தான் சொன்ன பொய் அந்த நொடியில் மெய்யாகிப் போனது அவளுக்குப் புரிந்துவிட்டது. மேனேஜருக்கு என்ன தெரியும், அவர் பாட்டுக்குப் புதுக் கட்டடத்தின் கதவு அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பொட்டலம் வேலையைப் பார்த்தாள். ஒவ்வொரு மேஜையாக, ஒவ்வொரு அலமாரியாக அளந்தாள். கம்ப்யூட்டர்களை எப்படிச் சுற்றுவது, எதை முதலில் இறக்குவது, படித் திருப்பத்தில் பீரோவின் கதவைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதையெல்லாம் கணீரென்று சொன்னாள். மேனேஜர் அங்கேயே வேலை அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் மேஜையை அளந்தபோது ரேடியோ பக்கத்தில் வந்து, "ரொம்ப நன்றிடி," என்று கிசுகிசுத்தாள்.

"உனக்காகச் சொல்லல," என்றாள் பொட்டலம், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த டிராயர்ல இருக்கிறதை நீங்களே எடுத்து வச்சிடுங்க மேடம். சொந்தச் சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல."

நீங்க என்றதும் மேடம் என்றதும் ரேடியோவுக்கு அறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். கண் கலங்கியது. கலங்கட்டும்.

கீழே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர். சந்தோஷம் நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது, கை தன் பாட்டுக்குப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது, விரல் தன் பாட்டுக்கு அந்தப் பேரை அழுத்தப் போனது. நல்லதோ கெட்டதோ, புருஷனுக்குக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வாள். விரல் அந்தரத்தில் நின்றது. அதுவரை எங்கே இருந்ததோ, அழுகை அப்போதுதான் பீறிட்டுக்கொண்டு வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டிரைவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாவியைத் திருகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "ஆர்டர் கிடைக்கலையாம்மா? போகுது விடு. இவனுங்க இல்லேன்னா நமக்கு ஆளா இல்ல?"

"கிடைச்சிருச்சு அண்ணே," என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்பப் பெரிய ஆர்டர். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."